புயலுக்குப் பின் நாற்பது ஆண்டுகள்: ஜான் நியூட்டனும் கிருபையின் வேகமும்

1. மேடையில் சொல்லப்படும் கதை

கிருபை மனிதனை மாற்றுகிறது என்பது கிறிஸ்தவ விசுவாசத்தின் மையக் கூற்று. அந்த மாற்றம் எதைத் தொடுகிறது, எவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறது, தொடாமல் விட்டவற்றை என்னவென்று விளக்குவது ஆகிய கேள்விகளில்தான் திருச்சபைகள் பிரிந்து நிற்கின்றன. இக்கேள்விகளை ஒரு மனிதரின் வாழ்க்கையை வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். அவர் ஜான் நியூட்டன் (1725–1807): அடிமைக் கப்பலின் தலைவராக இருந்தவர், பிறகு இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானவர், ‘அமேசிங் கிரேஸ்’ என்ற பெயரில் உலகமெங்கும் பாடப்படும் ஞானப்பாட்டை எழுதியவர்.

தமிழ்நாட்டு நற்செய்திக் கூட்டங்களிலும் அவருடைய கதை சொல்லப்படுவதுண்டு. அடிமைகளை ஏற்றிவந்த கப்பல் புயலில் சிக்கியது. நியூட்டன் கடவுளை நோக்கிக் கதறினார். அன்றே மனந்திரும்பி அடிமை வணிகத்தை உதறினார். அந்த நன்றியில் பாட்டு பிறந்தது. கேட்பவர் நெஞ்சில் உடனே தங்கிவிடும் கதை இது. ஆனால் நியூட்டன் தம் கையால் எழுதி வைத்துப்போன கப்பல் நாட்குறிப்பு, மனைவிக்கு எழுதிய கடிதங்கள், 1764இல் வெளிவந்த தன்வரலாறு, 1788இல் அச்சான துண்டுநூல் ஆகிய நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் இந்தக் கதை நிற்காது. அவை காட்டும் மாற்றம் மெதுவானது. கிருபையைப் பற்றிய கேள்வியை இன்னும் கடினமாக்குவது.

2. ஆவணங்கள் தரும் வரிசை

நியூட்டன் லண்டனில் பிறந்தார். தந்தை வணிகக் கப்பலின் தலைவர். வேதத்தைக் கற்றுக்கொடுத்த தாய், மகனுக்கு ஏழு வயது நிறையுமுன் காசநோயில் இறந்தார். பதினொரு வயதில் கடலுக்குப் போன சிறுவன், வளர்ந்தபின் கட்டாயமாகப் போர்க்கப்பலில் சேர்க்கப்பட்டான்; தப்பியோடிப் பிடிபட்டுக் கசையடி வாங்கினான். 1745இல் மேற்கு ஆப்பிரிக்கா போகும் அடிமைக் கப்பலுக்கு மாறினான். இன்றைய சியரா லியோன் கரைக்கு அப்பாலுள்ள பிளாண்டெய்ன் தீவுகளில் ஓர் அடிமை வணிகரிடம் வேலைக்கு இருந்தபோது பட்டினியையும் காய்ச்சலையும் அவமானத்தையும் அனுபவித்தான்.

அங்கிருந்து அவரை மீட்டு வந்த கப்பல் ‘கிரேஹவுண்ட்’. அது அடிமைக் கப்பலன்று. தங்கம், தந்தம், தேன்மெழுகு, சாயமரம் ஆகியவற்றை வாங்கித் திரும்பிய சரக்குக் கப்பல். 1748 மார்ச் 10 அதிகாலை அட்லாண்டிக் கடலில் புயல் தாக்கியது. மணிக்கணக்காக நீர் இறைத்தும், பிறகு சுக்கானைப் பிடித்தும் நின்ற நியூட்டனின் வாயிலிருந்து, அவரே திகைக்கும்படி, தேவ இரக்கத்தைக் கேட்கும் ஒரு சொல் வெளிவந்தது. நான்கு வாரம் அலைந்து சிதைந்த கப்பல் அயர்லாந்துக் கரை சேர்ந்தது. மார்ச் மாதத்து அந்த நாளை அவர் வாழ்நாள் முழுவதும் நன்றி நாளாகக் கடைப்பிடித்தார்.

அதே 1748இல் அவர் ‘பிரௌன்லோ’ என்ற அடிமைக் கப்பலில் முதல் துணைத் தலைவராகப் புறப்பட்டார். 1750இல் மேரி கேட்லெட்டை மணந்தார். அந்த ஆண்டு முதல் 1754 வரை ‘டியூக் ஆஃப் ஆர்கைல்’, ‘ஆப்பிரிக்கன்’ ஆகிய கப்பல்களின் தலைவராக மூன்று முறை அடிமைகளை வாங்கவும் கடல் கடத்தி விற்கவும் போனார். இவை புயலுக்கு முந்தைய பயணங்களல்ல, பிந்தையவை. ஞாயிறுதோறும் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார்; ஓய்வு நேரத்தில் லத்தீன் படித்தார்; தனித்திருந்து செபித்தார். மனைவிக்கு எழுதிய கடிதங்களில் தெரியும் பக்தி போலியானதன்று.

1752 டிசம்பரில் கப்பலின் கீழ்த்தளத்தில் கிளர்ச்சி ஏற்பாடாவதாகத் தெரியவந்தது. சோதனையில் கத்திகளும் கற்களும் ஓர் உளியும் அகப்பட்டன. சம்பந்தப்பட்ட சிறுவர்களை விலங்கிட்டு, உண்மையை வரவழைக்கக் கட்டைவிரலை நெரிக்கும் திருகுகளை ‘லேசாக’ப் பயன்படுத்தியதாக நியூட்டன் குறித்துவைத்தார். உரிய நேரத்தில் சதி வெளிப்பட்டதற்காகத் தெய்வப் பராமரிப்புக்கு நன்றி சொல்லும் வார்த்தையும் அதே குறிப்பில் இருக்கிறது. செபிக்கும் மனமும் திருகை முடுக்கும் கையும் ஒரே மனிதருடையவை. இந்தக் குறிப்பை முதலில் வாசித்தபோது எனக்குண்டான கலக்கம்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

1754இல் நான்காம் பயணத்துக்கு ஆயத்தமாக இருந்தபோது திடீரென்று மயங்கி விழுந்தார். மருத்துவர் அறிவுரைப்படி கடலை விட்டார். விலகச் செய்தது உடல்நிலை; மனச்சாட்சியன்று. 1755இல் லிவர்பூல் துறைமுகத்தில் சுங்க அதிகாரியானார். கிரேக்கமும் எபிரேயமும் கற்றார். 1764இல் குருப்பட்டம் பெற்று ஓல்னி ஊருக்குப் போனார். 1773 புத்தாண்டு நாள் ஆராதனைக்கென்று எழுதிய பாட்டுதான் ‘அமேசிங் கிரேஸ்’. தாவீது தேவனுக்கு முன்பாக உட்கார்ந்து, இவ்வளவு தூரம் என்னைக் கொண்டுவர நான் யார் என்று வியக்கும் 1 நாளாகமம் 17ஆம் அதிகாரப் பகுதியே அதன் அடிப்படை. அடிமை வணிகம் பற்றி அதில் எந்தக் குறிப்பும் இல்லை. அந்த வணிகத்தை வெளிப்படையாகக் கண்டிக்கும் அவருடைய துண்டுநூல் வந்தது 1788இல். புயலுக்கும் அதற்கும் இடையே நாற்பது ஆண்டுகள்.

3. கிருபை செய்வது என்ன: பழைய வழக்குகள்

இந்த நாற்பது ஆண்டுகளை எப்படிப் புரிந்துகொள்வது என்பது, கிருபையைப் பற்றி நாம் எந்த மரபிலிருந்து யோசிக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

386இல் மிலான் நகரத் தோட்டத்தில் அகுஸ்தீன் அடைந்த திருப்பம், திடீர் மனமாற்றத்துக்கு முன்மாதிரியாகக் காட்டப்படுகிறது. ஆனால் ஏறத்தாழ பத்தாண்டுகளுக்குப் பின் எழுதத் தொடங்கிய தம் ‘அறிக்கைகள்’ நூலின் பத்தாம் பகுதியில், ஆயராக இருக்கும் தம்மை இன்னும் பிடித்திழுக்கும் ஆசைகளை அவர் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறார். மனிதன் தன் முயற்சியால் நல்லவனாக முடியும் என்ற பெலாகியுஸின் நிலைப்பாட்டை அவர் அவ்வளவு கடுமையாக எதிர்த்ததற்கு இந்தச் சுய அறிவும் ஒரு காரணம். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் அவர் பக்கம் நின்றனர்.

லூத்தருக்கு, கிருபை முதலாவதாக ஒரு தீர்ப்பு: பாவியைக் கிறிஸ்துவினிமித்தம் நீதிமான் என்று தேவன் அறிவிக்கிறார், விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானாகவும் பாவியாகவும் வாழ்கிறான். கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் 1547இல் இதற்கு மறுமொழியாக, கிருபை மனிதனை உள்ளேயே புதுப்பிக்கிறது என்றும், அதனுடன் அவன் ஒத்துழைக்கவும் அதில் வளரவும் முடியும் என்றும் வரையறுத்தது. கத்தோலிக்கரும் லூத்தரன்களும் இந்த வழக்கில் ஒரு கூட்டறிக்கைக்கு வர 1999 வரை ஆயிற்று. கீழைத் திருச்சபைகள் இதைத் தீர்ப்பு என்ற மொழியில் பேசவில்லை. தேவ இயல்பில் மனிதன் சிறிது சிறிதாகப் பங்கடைவதாகவே பார்த்தன.

நியூட்டன் கால்வினிய மரபினர். அவரிடமும் ஒரு வளர்ச்சிக் கோட்பாடு இருந்தது. மாற்கு 4ஆம் அதிகாரத்தில் முளை, கதிர், நிறைந்த தானியம் என்று வரும் உவமையை வைத்து, கிருபையின் மூன்று பருவங்களை மூன்று கடிதங்களில் விளக்கினார். முதல் பருவத்தில் தாகம், இரண்டாவதில் போராட்டம், மூன்றாவதில் தியானத்தின் அமைதி. முதிர்ந்த விசுவாசியின் அடையாளங்களாக அவர் சொல்வது தாழ்மை, ஆவிக்குரிய சிந்தை, தேவ மகிமையோடும் சித்தத்தோடும் இதயம் ஒன்றிப்போதல். அழகான கடிதங்கள் அவை. ஆன்ம வழிகாட்டியாக நியூட்டனை இன்றும் படிப்பவர்கள் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் விசுவாசி எந்தத் தொழிலில் சம்பாதிக்கிறார், அதனால் யாருக்கு என்ன நேர்கிறது என்ற கேள்வி அந்த முதிர்ச்சியின் அளவுகோல்களில் இடம்பெறவில்லை.

தம் மனமாற்றம் ஒரே இரவில் முடிந்தது என்று நியூட்டன் ஒருபோதும் சொன்னதில்லை என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். புயலுக்குப் பிறகும் நெடுங்காலம் தம்மை முழுப்பொருளில் விசுவாசி என்று கருத முடியாது என்று 1764ஆம் ஆண்டு நூலிலேயே எழுதினார். ஒரே இரவின் கதையைச் செய்தது பின்வந்த சொற்பொழிவு மரபு.

4. ‘அக்காலத்து மனிதர்’ என்ற வாதம்

நியூட்டனுக்காகச் சொல்லப்படும் வழக்கமான சமாதானம், பதினெட்டாம் நூற்றாண்டில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள் என்பது. இது சோதிக்கத்தக்க கூற்று. சோதித்தால் தேறுவதில்லை.

1688இலேயே பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் சிலர் அடிமை முறையை எதிர்த்து எழுத்தில் முறையிட்டனர். நியூ ஜெர்சியில் ஜான் உல்மன் என்ற இளம் குவேக்கர், தம் முதலாளி விற்ற ஒரு கறுப்பினப் பெண்ணுக்கான விற்பனைச் சீட்டை எழுதிக்கொடுத்தார். எழுதும்போதே மனம் உறுத்தியது. அடுத்த முறை அப்படியொரு சீட்டு எழுத மறுத்துவிட்டார். அடிமை வைத்திருப்பதற்கெதிரான அவருடைய நூல் 1754இல் வெளிவந்தது. நியூட்டன் உடல்நிலை காரணமாகக் கடலை விட்ட அதே ஆண்டு. லண்டன் குவேக்கர் பேரவை 1761இல் அடிமை வணிகரைச் சபையிலிருந்து விலக்கத் தீர்மானித்தது.

கோட்பாட்டு வேறுபாடுதான் காரணமோ என்று கேட்கத் தோன்றும். பரிசுத்த வாழ்வை வற்புறுத்திய ஜான் வெஸ்லி 1774இல் அடிமை முறையைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். நியூட்டன் மிகவும் மதித்த கால்வினியப் பிரசங்கியார் ஜார்ஜ் விட்பீல்டோ ஜார்ஜியா குடியேற்றத்தில் அடிமை முறைக்கு அனுமதி வேண்டுமென்று வாதாடினார். தம் அனாதை இல்லத்துக்கு அடிமைகளை வைத்துக்கொண்டார். இலவசக் கிருபையை அழுத்திச் சொல்லும் போதனை மனிதரை மெத்தனமாக்குகிறது என்று இதிலிருந்து முடிவுகட்டியவர்கள் உண்டு. எனக்கு அது அவசர முடிவாகப் படுகிறது. அமெரிக்கக் கால்வினிய இறையியலாளர் ஜோனத்தான் எட்வர்ட்ஸ் அடிமைகளை வைத்திருந்தார் என்பது உண்மை. ஆனால் அவருடைய நேரடிச் சீடரும் உறுதியான கால்வினியருமான சாமுவேல் ஹாப்கின்ஸ், அடிமை வணிகத்தில் செழித்த நியூபோர்ட் துறைமுகத்தின் போதகராக இருந்துகொண்டே 1776இல் அம்முறையை எதிர்த்து நூல் எழுதினார். ஒரே போதனையிலிருந்து இருவேறு வாழ்க்கைகள் வந்திருக்கின்றன.

உல்மனுக்கும் நியூட்டனுக்கும் உள்ள வேறுபாட்டை வேறிடத்தில் தேட வேண்டும். குவேக்கர் கூடுகைகள் உறுப்பினரின் தொழிலையும் வரவுசெலவையும் விசாரிக்கும் வழக்கம் கொண்டவை. உல்மன் அடிமை வைத்திருந்தோர் வீடுகளில் தங்க நேர்ந்தபோது, தமக்குப் பணிவிடை செய்த அடிமைகளுக்குக் கூலி கொடுத்துவிட்டுப் போனார். தாம் எதை உண்கிறோம், உடுத்துகிறோம், யார் உழைப்பில் வாழ்கிறோம் என்பவை அவருக்குச் செபத்தின் பகுதிகள். நியூட்டனின் பக்தி அத்தனை ஆழமாக இருந்தும் அவரும் தேவனும் மட்டுமே இருக்கும் அறையிலேயே நடந்தது.

5. எந்தப் பாவம் பாவமாகத் தெரிந்தது

நியூட்டன் தம்மைப் பாவிகளில் பிரதான பாவி என்று கருதினார். இதில் பாசாங்கு இல்லை. ஆனால் அவர் நினைவுகூரும் பாவங்கள் எவை? தேவதூஷணம், விசுவாச மறுப்பு, மற்றவரின் விசுவாசத்தைக் கெடுத்தது, காமக் களியாட்டம். தம் கல்லறைக்கு அவரே எழுதிவைத்த வாசகத்திலும் தம்மை ஒருகாலத்தில் அவிசுவாசியாகவும் ஒழுக்கம் கெட்டவராகவும் ஆப்பிரிக்காவில் அடிமைகளின் வேலைக்காரராகவும் இருந்தவர் என்றே சொல்கிறார். பிளாண்டெய்ன் தீவில் தாம் பட்ட இழிவு அதில் இடம்பெறுகிறது. அடிமைக் கப்பலின் தலைவர் பதவி இடம்பெறவில்லை. 1788இல் பகிரங்கமாக வெட்கப்பட்ட பிறகும், தம் வாழ்க்கையைச் சில வரிகளில் சுருக்கும்போது பழைய பட்டியலே அவர் கைக்கு வந்தது.

மனமாற்றக் கதைகளுக்கென்று ஒரு வார்ப்பு அன்றைய சுவிசேஷக வட்டாரங்களில் இருந்ததை வரலாற்றாசிரியர் புரூஸ் ஹிண்ட்மார்ஷ் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். எதைப் பாவமாக அறிக்கையிட வேண்டும் என்பதையும் அந்த வார்ப்பு பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது என்று நான் நினைக்கிறேன். சட்டப்படி நடக்கும், ஊரார் மதிக்கும், பங்குதாரர்கள் ஞாயிறன்று பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் ஒரு தொழிலுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

இதை நியூட்டனே தெரிந்தோ தெரியாமலோ சொல்லிவிடுகிறார். தமக்கு அப்போது அந்தத் தொழில் பற்றி எந்த உறுத்தலும் இருந்ததில்லை, நண்பர் ஒருவர்கூட அப்படியொரு எண்ணத்தைத் தமக்கு எழுப்பவில்லை, தெய்வப் பராமரிப்பு தமக்குக் குறித்த வாழ்க்கைவழி அது என்றே எண்ணியிருந்தோம், செய்ததை அறியாமல் செய்தோம் என்ற பொருளில் 1788இல் எழுதுகிறார். அறியாமல் செய்தேன் என்பது பவுலை நினைவூட்டும் சொல். திருச்சபையைத் துன்புறுத்தியதை அவிசுவாசத்தினாலே அறியாமல் செய்ததாகப் பவுல் தீமோத்தேயுவுக்குச் சொன்னார். நியூட்டனின் அறியாமை அவிசுவாசத்தில் இருந்ததன்று. விசுவாசத்துக்குள்ளேயே, செபத்தோடும் வேதவாசிப்போடும் வாழ்ந்தது. தெய்வப் பராமரிப்பு என்ற கோட்பாடே அந்த அறியாமைக்கு அரணாக நின்றது. சதி வெளிப்பட்டதற்கு நன்றி கூறும் 1752ஆம் ஆண்டுக் குறிப்பின் இறையியல் இதுதான். விசுவாசி இதைப் படித்துவிட்டு எளிதாகக் கடந்துபோக முடியாது.

அப்படியானால் அவரை வேஷதாரி என்று தள்ளிவிடலாமா? நியூட்டனின் நெடிய மௌனத்தை எழுத்தாளர் ஆடம் ஹாக்ஷீல்ட் போன்றோர் கண்டிப்புடன் எடுத்துக்காட்டியிருப்பது தேவையான பணி. ஆனாலும் வேஷதாரி என்ற தீர்ப்பு ஆவணங்களுக்குப் பொருந்தாது. வேஷதாரி தான் தவறு செய்வதை அறிந்து மறைப்பவன். திருகைப் பயன்படுத்தியதை நியூட்டன் மறைக்கவில்லை, எழுதிவைத்தார். அவரிடம் இல்லாதது பார்வை. உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1902இல் மனமாற்ற அனுபவங்களை அவற்றின் கனிகளைக்கொண்டே மதிப்பிட வேண்டும் என்றார். அந்த அளவுகோலை இங்கே வைத்தால், புயலில் தொடங்கியதை உண்மையல்ல என்றும் சொல்ல முடியாது, போதுமானது என்றும் சொல்ல முடியாது.

6. பார்வை வந்த வழி

நாற்பது ஆண்டு மௌனம் தனியறை தியானத்தில் கலைந்ததாக ஆவணங்கள் காட்டவில்லை. அது பிறர் பேசியதால் கலைந்தது. ஓல்னியில் நியூட்டனோடு சேர்ந்து ஞானப்பாட்டுகள் எழுதிய நண்பர் வில்லியம் கூப்பர், 1782இல் வெளியிட்ட ஒரு நெடும்பாட்டில் அடிமை வணிகத்தைக் கண்டித்தார். 1785 டிசம்பரில் இளம் நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸ், அரசியலை விட்டுவிடலாமா என்ற குழப்பத்தோடு நியூட்டனைத் தேடி வந்தார். அரசியலிலேயே இருக்கும்படி நியூட்டன் சொன்னார். 1787 மே மாதம் லண்டனில் பன்னிருவர் கூடி அடிமை வணிக ஒழிப்புச் சங்கத்தைத் தொடங்கினர். அவர்களில் ஒன்பது பேர் குவேக்கர்கள். அதே ஆண்டு, கானா கரையிலிருந்து சிறுவனாகக் கடத்தப்பட்டு அடிமையாக விற்கப்பட்ட ஒட்டோபா குகோவானோ தம் நூலை வெளியிட்டார். நியூட்டனின் துண்டுநூல் அதற்கு அடுத்த ஆண்டு வந்தது. சங்கம் அதைப் பரவலாக வினியோகித்தது. நியூட்டன் அரசின் விசாரணைக் குழுவின் முன்னும் சாட்சி சொன்னார். தளத்துக்குக் கீழே மனிதர்கள் கிடந்த விதம், பெண்களுக்கு நேர்ந்தவை, தாமே கண்ட சித்திரவதைகள் எல்லாவற்றையும் கப்பலை அறிந்தவரால் மட்டுமே முடியும் துல்லியத்தோடு சொன்னார்.

குகோவானோவின் தோழர் ஒலாடா எக்குவியானோ இந்த ஆய்வுக்கு இன்னொரு வகையில் முக்கியமானவர். அவர் அடிமையாக இருந்து, 1766இல் தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்து வாங்கியவர். 1774 அக்டோபரில் ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தில், கப்பலில் அப்போஸ்தலர் நடபடிகளின் 4ஆம் அதிகாரத்தை வாசித்துக்கொண்டிருக்கையில் கிருபையினால் தாம் மாற்றப்பட்டதை அவர் தம் 1789ஆம் ஆண்டுத் தன்வரலாற்றில் விவரிக்கிறார். அந்த வருணனை நியூட்டனின் மரபுக்கு மிக நெருக்கமானது. ஆனால் ஏறத்தாழ ஓராண்டுக்குப் பிறகு, மத்திய அமெரிக்காவின் மஸ்கிட்டோ கரையில் ஒரு மருத்துவர் தொடங்கிய தோட்டத்துக்காக அடிமைகளைத் தேர்ந்து வாங்கவும் அவர்களை மேற்பார்வையிடவும் அவர் போனார்! தாமே விலங்கை அறிந்தவர், புதிதாக விசுவாசம் பெற்றவர். இந்த உண்மை நியூட்டனுக்குச் சாக்கு ஆகாது. ஆனால் உள்ளத்தில் நிகழும் மறுபிறப்பு மட்டும் ஒரு பொருளாதார ஒழுங்கை ஊடுருவிப் பார்க்கப் போதாது என்பதற்கு நியூட்டனைவிடக் கனமான சான்று இது. எக்குவியானோவும் 1780களில் ஒழிப்பு இயக்கத்தாரோடு சேர்ந்து செயல்பட்டபோதே அந்த முறையின் முழுமையான எதிரியாக மாறினார்.

எனவே என் வாசிப்பு இது: நியூட்டனைப் பொறுத்தவரை கிருபை இருமுறை வந்தது. முதல் முறை புயலில், நேரடியாக. இரண்டாம் முறை மனிதர்கள் வழியாக. குறிப்பாக, யாரை விற்று அவர் பிழைத்தாரோ அவர்களின் இனத்தார் எழுதியும் பேசியும் எழுந்து நின்ற ஒரு காலத்தின் வழியாக. கிருபை முற்றிலும் தேவனுடைய செயல் என்று நம்பும் மரபுக்கும் இதில் முரண்பாடில்லை. தேவன் யாரைக்கொண்டு பேசுகிறார் என்பதில் அந்த மரபு இன்னும் விரிந்த மனதோடு இருக்க வேண்டும், அவ்வளவே.

7. தீராமல் நிற்கும் கணக்கு

லூக்கா 19ஆம் அதிகாரத்தில் சகேயுவின் மாற்றம் உடனே அவன் பணப்பையை எட்டுகிறது. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். யாரிடம் வாங்கினானோ அவர்கள் அந்த ஊரிலேயே இருந்தார்கள். நியூட்டன் விற்றவர்கள் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் சிதறிப்போனார்கள். 1788 அளவில் அவர்களில் பலர் இறந்திருப்பார்கள். தாம் உடந்தையாயிருந்த துன்பத்தைத் தடுக்கவோ சரிசெய்யவோ தம் அறிக்கை மிகப் பிந்தி வருகிறது என்று நியூட்டன் அத்துண்டுநூலின் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறார். அவர் எழுதியவற்றிலெல்லாம் என்னை ஆழமாகத் தொட்ட இடம் அதுதான். அங்கே அவர் மன்னிப்பை எடுத்துக்காட்டித் தம்மைத் தேற்றிக்கொள்ளவில்லை.

இங்கே சீர்திருத்த மரபின் கிருபைக் கோட்பாடு ஒரு கடினமான இடத்துக்கு வருகிறது. பாவமன்னிப்பு தேவனுக்கும் பாவிக்கும் இடையே முழுமையாக முடிந்த காரியம் என்று அது போதிக்கிறது. கத்தோலிக்க ஒப்புரவு அருட்சாதனத்தில் உள்ள ஈடுசெய்தல் என்ற படியை, மனிதனின் கிரியை மீண்டும் உள்ளே நுழைந்துவிடும் என்ற அச்சத்தில் நீக்கியது. அந்த அச்சத்துக்கு வரலாற்று நியாயம் உண்டு. ஆனால் நீக்கப்பட்டதோடு சேர்ந்து, பாவத்தால் பாதிக்கப்பட்ட மூன்றாவது மனிதரும் காட்சியிலிருந்து விலகிப்போனார். நியூட்டனின் மூன்று பருவங்களில் அவருக்கு இடமில்லாததும் இதனால்தான்.

அடிமை வணிகத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807 மார்ச் 25 அன்று ஒப்புதல் பெற்றது. நியூட்டன் அதை அறிந்து, அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று காலமானார். அடிமை முறையையே ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறியபோது பிரிட்டன் 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அது முழுவதும் அடிமைகளின் உடைமையாளர்களுக்கு. விடுதலை பெற்றவர்களுக்கு எதுவும் ஒதுக்கப்படவில்லை. அவர்களில் பெரும்பாலோர் தொழில் பழகுநர் என்ற பெயரில் இன்னும் சில ஆண்டுகள் பழைய எசமானர்களுக்கே கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்துக்கு வாக்களித்தவர்களிலும் இழப்பீடு பெற்றவர்களிலும் மனந்திரும்பிய கிறிஸ்தவர்கள் இருந்தார்கள்.